சுறா மாத்திரை: முட்டிக்கா, தம்பிக்கா, பேரனுக்கா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 62. மலேசியாவில், பினாங்கின் பிறை என்ற ஊரில் இருக்கிறேன். இருபத்தெட்டு வருடம் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் நின்றே வேலை செய்தவள். இரண்டு முட்டியும் வலி. எக்ஸ்ரே பார்த்துவிட்டு ஜவ்வு தேய்ந்துவிட்டது என்றார்கள். தெரிந்த பெண் ஒருவர் சுறா மீன் குருத்தெலும்பு மாத்திரை விற்கிறார், ஒரு டப்பா 180 வெள்ளி (ரிங்கிட்). அதில் உள்ள விசேஷப் புரதம் ஜவ்வை வளர்க்கும், ரத்தக் குழாயைத் தடுத்துப் புற்றுநோயைப் பட்டினி போடும், பிள்ளைகளை உயரமாக்கும், பக்கவிளைவே இல்லை என்று வீடியோவும் அனுப்பினார். பத்து நாளாகச் சாப்பிடுகிறேன். மூன்றாம் நாளே வலி பாதி குறைந்துவிட்டது. என் தம்பிக்குப் பெருங்குடல் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது, கீமோ தொடங்கப் போகிறார்கள். பேரனுக்கு 12 வயது, வகுப்பிலேயே குட்டை. மூன்று பேருக்கும் சேர்த்து ஆறு டப்பா வாங்கலாமா? இல்லை ஆட்டுக்கால் சூப்பே போதுமா? எனக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. அடுத்த தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏற ஆசை.

மருந்தாளுநர் பதில்:

அக்கா, எனக்கு 49 வயதுதான் ஆகிறது. ஐயா வேண்டாம், தம்பி என்றே எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது புரதமோ புற்றுநோயோ இல்லை. 'மூன்றாம் நாளே வலி பாதி குறைந்துவிட்டது' என்கிற அந்த ஒரு வரிதான். உடம்பிலேயே மந்தமாக வேலை நடக்கும் இடங்களில் ஒன்று குருத்தெலும்பு. மூன்று நாளில் அங்கே எதுவும் முளைக்காது. மூன்று நாளில் மூட்டு வலியைப் பாதியாக்கக்கூடிய மருந்துகள் என் அலமாரியிலும் இருக்கின்றன, ஆனால் அவை எதுவும் சுறாவிலிருந்து வருவதில்லை. மூட்டு வலிக்கு என்று விற்கும் ஜாமு என்கிற மூலிகை மருந்திலும் கேப்சூலிலும் டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீராய்டையோ சாதாரண வலி மாத்திரையையோ சொல்லாமல் கலந்து, அதைச் சுகாதார அமைச்சு கண்டுபிடித்த சம்பவங்கள் நம் நாட்டில் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன.

உங்கள் டப்பாவில் அப்படி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பார்க்காமல் சொல்லவும் கூடாது. மூட்டு வலி தானாகவே ஏறி இறங்கும். 180 வெள்ளி கொடுத்த மனசும் கொஞ்சம் வலியைக் குறைக்கும், அதுவும் உண்மைதான். ஆனால் உங்களுக்குச் சர்க்கரையும் இருக்கிறது, ரத்த அழுத்தமும் இருக்கிறது; ஸ்டீராய்டு இரண்டையும் ஏற்றிவிடும். அதனால் மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். வீட்டில் மெஷின் இருந்தால் சர்க்கரையைக் குத்திப் பார்த்து, போன மாத அளவோடு ஒப்பிடுங்கள். இந்தப் பத்து நாளில் பசி கூடியதா, முகம் உப்பியதா, ராத்திரி தூக்கம் கெட்டதா என்றும் யோசியுங்கள். டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாமல் அப்படியே கிளினிக் கெசிஹாத்தான் என்கிற அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு எடுத்துப் போய் அங்குள்ள மருந்தாளுநரிடம் காட்டுங்கள். பத்து நாள்தான் என்பதால் நிறுத்தச் சொல்கிறேன். இதே மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர் யாராவது பக்கத்தில் இருந்தால், அவரைச் சட்டென்று நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். டாக்டரைப் பார்த்த பிறகுதான் நிறுத்த வேண்டும். உள்ளே ஸ்டீராய்டு இருந்தால் திடீரென்று விடுவதே ஆபத்து.

டப்பாவைத் திருப்பியும் பாருங்கள். நம் நாட்டில் முறைப்படி பதிந்த மருந்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும், வெளிச்சத்தில் மினுங்கும் ஹாலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும். எண்ணின் கடைசியில் 'டி' எழுத்து இருந்தால் பாரம்பரிய மருந்து, 'என்' இருந்தால் சத்துப் பொருள். இது இருந்தால் பொருளைச் சோதித்துப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நோயைக் குணமாக்கும் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டதாக அர்த்தம் இல்லை. எண்ணே இல்லையென்றால் பேச்சே வேண்டாம்.

சரி, இனி புரதத்துக்கு வருவோம். உங்களுக்கு மாத்திரை விற்ற ஏஜெண்ட் சொன்னது முழுப் பொய்யாக இருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்த உண்மை அழகானதும்கூட.

அடுத்த முறை பாசாரில் ஆட்டுக்கால் வாங்கும்போது முட்டியை நெடுக்காக வெட்டித் தரச் சொல்லிக் கடையிலேயே பாருங்கள். எலும்பு நுனியில் நீலம் கலந்த வெள்ளையாக, ஈரப் பீங்கான் மாதிரி ஒரு தொப்பி இருக்கும். விரலால் தடவினால் வழுக்கும். அதற்குக் கீழே எலும்பு, கடற்பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக, ரத்தச் சிவப்பாக இருக்கும். சிவப்பு எங்கே முடிகிறது, வெள்ளை எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்ட மாதிரி தெரியும். அந்த வெள்ளைக்குள் ஒரு சிவப்புப் புள்ளிகூட இருக்காது. இத்தனை ரத்தத்துக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு ஒரு சொட்டைக்கூட அது உள்ளே விடுவதில்லை. டாக்டர் உங்களிடம் தேய்ந்துவிட்டது என்று சொன்ன 'ஜவ்வு' இதுதான். மனித முட்டியில் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் கனம் இருக்கும்.

ரத்தக் குழாய் சாதாரணமாக எங்கே இடம் கிடைத்தாலும் வேர் மாதிரி நுழைந்துவிடும். இங்கே ஏன் நுழைவதில்லை? இந்தக் கேள்வியை 1970-களில் அமெரிக்காவில் பாஸ்டனைச் சேர்ந்த ஜூடா ஃபோக்மேன் என்ற அறுவைசிகிச்சை டாக்டரின் ஆய்வுக்கூடம் பிடித்துக்கொண்டது. புற்றுக்கட்டி வளர வேண்டுமானால் புதிய ரத்தக் குழாயை இழுத்துக்கொள்ள வேண்டும், அதைத் தடுத்தால் கட்டி சின்னதாகவே முடங்கிக் கிடக்கும் என்று அவர் 1971-இல் எழுதினார். அப்படியானால் இயற்கையிலேயே குழாயை உள்ளே விடாத இடத்தில் ஏதோ ஒரு தடுப்புப் பொருள் இருக்க வேண்டும் அல்லவா? 1975-இல் அவரோடு சேர்ந்து ஹென்றி பிரெம் என்பவர் முயலின் கண்ணில் கட்டியை வைத்து, பக்கத்தில் குருத்தெலும்புத் துண்டை வைத்துப் பார்த்தார். கட்டியை நோக்கி வந்த குழாய்களின் வளர்ச்சி தடுக்கப்பட்டது. அதே ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் லேங்கர் என்ற இளம் கெமிக்கல் இன்ஜினியர் மாட்டு எலும்புகளைக் கொண்டுவந்து, குருத்தெலும்பைச் சுரண்டிச் சுரண்டி அந்தத் தடுப்புப் பொருளைப் பிரித்தெடுக்கப் பாடுபட்டார். 1976-இல் முடிவு வெளிவந்தது. கோவிட் காலத்தில் நாம் கேள்விப்பட்ட மொடர்னா நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் இந்த லேங்கர்தான். தொடக்கம் மாட்டு எலும்பு.

அப்புறம் ஜப்பானில், ஒசாகாவில், ஹிராகியும் சுசுகியும் கன்றுக்குட்டிக் கருவின் குருத்தெலும்பிலிருந்து ஒரு புரதத்தை எடுத்து 1991-இல் காண்டிரோமாடுலின் என்று பெயர் வைத்தார்கள். குருத்தெலும்புச் செல்களை வளரத் தூண்டும் பொருளைத் தேடித்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். ஆறு வருடம் கழித்துப் பார்த்தால் அதே புரதம் ரத்தக் குழாய்ச் செல்களை வளரவிடாமல் தடுக்கவும் செய்கிறது. வீட்டுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே வெளி ஆளை வாசலில் நிறுத்துகிற பாட்டி மாதிரி. 2006-இல் இன்னொரு ஜப்பானியக் குழு இதையே இதய வால்விலும் கண்டது. வால்வின் மெல்லிய இதழுக்குள்ளும் சாதாரணமாக ரத்தக் குழாய் கிடையாது.

பாட்டி தனியாகவும் இல்லை. குருத்தெலும்பில் திராம்போஸ்பாண்டின் என்று ஒன்று, திசுவை அரிக்கும் நொதிகளை அடக்குகிற சில புரதங்கள், கொலாஜன் உடைந்து வரும் துண்டு ஒன்று என்று கூட்டாகக் காவல் காக்கின்றன. எல்லாம் சேர்ந்துதான் அந்த வெள்ளைக் கோடு.

இதுவரை ஏஜெண்டோடு நான் ஒத்துப்போகிறேன். இனிமேல்தான் சண்டை.

1983-இல் லேங்கரும் ஆன் லீ என்ற ஆராய்ச்சியாளரும் சுறாவின் குருத்தெலும்பிலும் இந்தத் தடுப்பு இருக்கிறது என்று காட்டினார்கள். மாட்டில் குருத்தெலும்பு கொஞ்சம்தான், சுறாவுக்கோ எலும்புக்கூடே குருத்தெலும்பு. சரக்கு நிறையக் கிடைக்கும். அவ்வளவுதான் அவர்கள் சொன்னது. 1992-இல் அமெரிக்காவில் ஒரு புத்தகம் வந்தது, சுறாவுக்குப் புற்றுநோயே வராது என்று. அடுத்த வருடம் டிவியிலும் வந்தது. வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. சுறாவுக்குப் புற்றுநோய் வரும் அக்கா. சுறாக்களிலும் அவற்றின் உறவு மீன்களிலும் பதிவான நாற்பதுக்கு மேற்பட்ட கட்டிகளை 2004-இல் ஆராய்ச்சியாளர்கள் தொகுத்தே போட்டுவிட்டார்கள். சிலவற்றில் கட்டி குருத்தெலும்பிலேயே வந்திருந்தது.

அந்த அலை பினாங்குக்கும் வந்தது. 1998-இல் நான் யூ.எஸ்.எம். பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்த கையோடு, அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய். பெரியப்பா எங்கிருந்தோ ஒரு பெரிய டின் சுறாப் பொடி வாங்கி வந்தார். அரிசி மாவு நிறம். திறந்தாலே கருவாட்டு வாடை. அப்பாவுக்கு அதைக் கரைத்துக் குடித்தால் குமட்டும். ஆனாலும் குடித்தார், நாங்கள் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்ததால். கையில் மருந்தியல் பட்டம் வைத்துக்கொண்டு நானும் கலக்கிக் கொடுத்தேன். அதனால் ஆறு டப்பா வாங்க நினைத்ததற்காக உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அப்பாவுக்குக் கொடுத்தபோது எங்களிடம் இல்லாத விவரம் இப்போது இருக்கிறது. 2005-இல் மார்பகப் புற்றுநோயோ பெருங்குடல் புற்றுநோயோ முற்றிய 83 பேரை வைத்து, பாதிப் பேருக்குச் சுறாப் பொடியும் மீதிப் பேருக்கு வெறும் போலிப் பொடியும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆயுளும் கூடவில்லை, வாழ்கிற தரமும் கூடவில்லை. உங்கள் தம்பியின் நோயும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, கவனித்தீர்களா? 2010-இல் இன்னும் பெரியது: நுரையீரல் புற்றுநோய் உள்ள 379 பேர், இந்த முறை பொடி இல்லை, சுத்திகரித்த சுறாச் சாறு. சாறு குடித்தவர்களில் பாதிப் பேர் 14.4 மாதம் தாண்டி வாழ்ந்தார்கள், போலி மருந்து குடித்தவர்களில் பாதிப் பேர் 15.6 மாதம் தாண்டி. வித்தியாசம் இல்லை என்றுதான் அதைப் படிக்க வேண்டும்.

ஏன் பலிக்கவில்லை? ஒரு காரணத்தை உங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். சர்க்கரைக்காரர்கள் இன்சுலினை ஏன் வயிற்றில் குத்திக்கொள்கிறார்கள்? விழுங்கினால் வேலை செய்யும் என்றால் ஒருவரும் ஊசியைத் தொட மாட்டார்கள். இன்சுலின் ஒரு புரதம். வாய் வழியாகப் போகும் புரதம் சுறாவாக இருந்தாலும் சாம்பார்ப் பருப்பாக இருந்தாலும், இரைப்பைக்கும் குடலுக்கும் ஒன்றுதான். துண்டு துண்டாக நறுக்கிவிடும். காண்டிரோமாடுலின் முழுசாக ரத்தத்தில் ஏறி, வழி விசாரித்து உங்கள் முட்டிக்கு வந்து சேராது. வந்து சேர்ந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. இந்தப் புரதங்கள் ரத்தத்தில் சுற்றித் திரிந்து வேலை செய்பவை இல்லை. குருத்தெலும்புச் செல் சுரந்து, தன்னைச் சுற்றியுள்ள கொலாஜன் வலைக்குள் பதித்து வைக்கும் சரக்கு. இருக்கிற இடத்தில்தான் அதற்கு மதிப்பு.

இப்போது நான் ஏஜெண்ட் பக்கம் நின்று பேசுகிறேன். மாத்திரை உண்மையிலேயே ரத்தக் குழாயைத் தடுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது என்ன ஆகும்?

உங்கள் தம்பிக்கு ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம். வயிற்றுக்குள் குடலை வெட்டி ஒட்டிய இடம் ஆற வேண்டுமானால் புதிய ரத்தக் குழாய் முளைத்தே ஆக வேண்டும். ஃபோக்மேன் சொன்ன யோசனையில் பிறந்த உண்மையான மருந்து ஒன்று இருக்கிறது, பெவாசிஸுமாப். 2004-இல் அமெரிக்காவில் முதலில் அனுமதி வாங்கியதே பரவிய பெருங்குடல் புற்றுநோய்க்குத்தான். டிரிப்பில் ஏற்றுவார்கள், மாத்திரை கிடையாது. பெரிய ஆபரேஷன் ஆகி குறைந்தது 28 நாள் கழித்து, காயம் நன்றாக ஆறிய பிறகுதான் அதைத் தொடவே செய்வார்கள். ரத்த அழுத்தமும் அதில் ஏறும். வேலை செய்கிற மருந்து இப்படித்தான், பயந்து பயந்து கொடுப்பார்கள். உங்கள் ஏஜெண்டோ 'பக்கவிளைவே இல்லை' என்கிறார். நிஜமாகவே குழாயைத் தடுக்கும் ஒன்றுக்குப் பக்கவிளைவு இல்லாமல் இருக்க வழியில்லை.

தம்பிக்கு வாங்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் அவருடைய புற்றுநோய் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். திட்ட மாட்டார்கள், அவர்களுக்கு இது தினம் கேட்கிற கதை. சுறாப் பொடியில் சுண்ணாம்புச் சத்து மிக அதிகம், குமட்டலும் மலச்சிக்கலும் வரும். கீமோ தொடங்கும் நேரத்தில் எந்தக் குமட்டல் எதனால் என்று டாக்டர் குழம்பக் கூடாது. இன்னொன்று: புற்றுநோயைக் குணமாக்கும் என்று எந்தப் பொருளையும் பொதுமக்களிடம் விளம்பரம் செய்ய நம் நாட்டின் 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம் தடை போட்டிருக்கிறது. உங்களுக்கு வந்த வீடியோவை அழித்துவிடாதீர்கள். டப்பாவோடு அதையும் காட்டுங்கள். எங்கே போவது என்று தெரியவில்லையென்றால் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே பேசலாம்.

பேரன் விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வந்தது. ஒரே மாத்திரை புற்றுநோயைப் பட்டினி போடுமாம், பிள்ளையை உயரமாக்குமாம். இரண்டும் ஒன்றாக நடக்கவே முடியாது. எப்படி என்று சொல்கிறேன்.

பிள்ளைகளின் கை கால் எலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு குருத்தெலும்புப் படலம் இருக்கிறது. அதற்குள் செல்கள் அடுக்கி வைத்த காசு மாதிரி வரிசையாக நிற்கும். மேலே உள்ளவை பிரிந்து பெருகிக்கொண்டே இருக்க, கீழே உள்ளவை ஊதிப் பெருக்கும். எத்தனை செல் பெருக வேண்டும், எப்போது ஊதத் தொடங்க வேண்டும் என்பதைச் சில புரதங்கள் ஒன்றோடொன்று பேசி முடிவு செய்கின்றன. ஒன்று 'இன்னும் கொஞ்சம் பொறு' என்று இழுத்துப் பிடிக்கும், இன்னொன்று 'போதும்' என்று பிரேக் போடும். அந்த பிரேக் மரபிலேயே சிக்கிக்கொண்டால்தான் ஒருவகைப் பிறவிக் குள்ளம் வருகிறது. அதற்குக் காரணமான ஜீன் 1994-இல் தெரிந்தது, 2021-இல் அதற்கு ஒரு மருந்தும் வந்தது. அதுவும் தினமும் போடும் ஊசி.

இப்போது அடுக்கின் அடிப்பக்கத்தைக் கவனியுங்கள். ஊதிப் பெருத்த செல்கள், இதுவரை ரத்தக் குழாயை வெளியே நிறுத்திய அதே குருத்தெலும்புச் செல்கள்தான், கட்சி மாறுகின்றன. தடுப்புப் புரதத்தை விட்டுவிட்டு, வி.இ.ஜி.எஃப். என்ற அழைப்புப் புரதத்தைச் சுரந்து குழாயை உள்ளே கூப்பிடுகின்றன. குழாய் நுழைகிறது, அதோடு எலும்பு கட்டும் செல்களும் நுழைகின்றன, குருத்தெலும்பு இருந்த இடத்தில் எலும்பு உட்காருகிறது. பிள்ளை வளர்ந்தான் என்கிறோமே, அது இதுதான். அந்த அழைப்பைத் தடுத்தால் வளர்ச்சி குழம்பும். 1999-இல் குட்டி எலிகளில் தடுத்துப் பார்த்தபோது வளர்ச்சித் தட்டு வீங்கி, எலும்பாக மாற முடியாமல் நின்றது. பெவாசிஸுமாப் கொடுத்த குட்டிக் குரங்குகளிலும் வளர்ச்சித் தட்டு கெட்டது, மருந்துக் குறிப்பிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

ஆக, மாத்திரை வேலை செய்யவில்லை என்றால் காசு நஷ்டம். வேலை செய்தால் பேரனுக்கு நஷ்டம்.

பையனுக்கு 12 வயதுதானே? ஆண் பிள்ளைகள் மளமளவென்று வளர்வது பெரும்பாலும் பதின்மூன்று, பதினான்கு வயதில். அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் கூட்டுங்கள், அதோடு 13 சென்டிமீட்டர் சேர்த்துப் பாதியாக்குங்கள். அதற்கு முன்பின் எட்டொன்பது சென்டிமீட்டருக்குள்தான் அவன் பெரியவனானதும் இருப்பான் என்பது குழந்தை டாக்டர்களின் தோராயக் கணக்கு. கதவு நிலையில் பென்சில் கோடு போட்டு ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். வருடத்துக்கு நான்கு சென்டிமீட்டர்கூட ஏறவில்லை என்றாலோ, சின்ன வயது முதல் வளர்ச்சி அட்டவணையில் அவன் கோடு கீழே சரிந்துகொண்டே வந்தாலோ கிளினிக்கில் காட்டுங்கள். தைராய்டு மாதிரிச் சரிசெய்யக்கூடிய காரணங்கள் உண்டு, அவற்றைச் சும்மா விட்டுவிடக் கூடாது.

இனி உங்கள் முட்டி.

ரத்தம் உள்ளே வராததால்தான் குருத்தெலும்பு வழவழப்பாக இருக்கிறது. ரத்தம் உள்ளே வராததால்தான் அடிபட்டால் ஆறுவதும் இல்லை. வரம், சாபம் இரண்டும் ஒரே காரணத்தால். அதன் கன அளவில் செல்கள் ஏறக்குறைய இரண்டு சதவீதம்தான், மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அந்தக் கொஞ்சம் செல்களும் மூட்டுக்குள் இருக்கும் நீரிலிருந்துதான் சாப்பிட வேண்டும். நீங்கள் கால் வைக்கும்போது அது பிழிபடுகிறது, எடுக்கும்போது உறிஞ்சுகிறது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். அதனால் வலிக்கிறது என்று உட்கார்ந்தே இருந்தால் அந்தச் செல்களைத்தான் பட்டினி போடுகிறீர்கள்.

முட்டி தேயும்போது இன்னொன்றும் நடக்கிறது. அந்த வெள்ளைக் கோடு உடைகிறது. காவல் புரதங்கள் குறைந்து, கீழே எலும்பிலிருந்து ரத்தக் குழாய்கள் குருத்தெலும்புக்குள் ஏறத் தொடங்குகின்றன, கூடவே நரம்புகளும். நல்ல குருத்தெலும்புக்கு நரம்பே கிடையாது, அதனால் அதற்கு வலியும் தெரியாது. வலிக்குப் பல காரணங்களில் இப்படி ஊர்ந்து வரும் நரம்பும் ஒன்று என்கிறார்கள். இந்தக் காவலைத் திரும்ப நிறுத்த மூட்டுக்குள்ளேயே காண்டிரோமாடுலினைச் செலுத்திப் பார்க்கும் ஆராய்ச்சி விலங்குகளில் நடக்கிறது. உங்களுக்கும் எனக்கும் கடையில் கிடைக்கிற நிலையில் அது இல்லை.

கடையில் இல்லாவிட்டாலும் கையில் இருப்பது நிறைய. சாதாரண நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, தொடைச் சதையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை பிடித்து மெதுவாக இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். தொடைச் சதை பலமானால் முட்டியின் சுமையை அது வாங்கிக்கொள்ளும். உடம்பு கனம் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு ஏறக்குறைய நான்கு கிலோ சுமை குறைகிறது என்று 2005-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஐந்து கிலோவுக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கிளினிக் கெசிஹாத்தானில் ஃபிசியோதெரபிக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அங்கே பதிவுக்கு ஒரு வெள்ளி கட்டுகிற நாட்டில் இருந்துகொண்டு நாம் டப்பாவுக்கு 180 கொடுக்கிறோம். தரையில் சம்மணம் போட்டுக் காய் நறுக்குவதையும், குட்டை முக்காலியில் உட்கார்ந்து துவைப்பதையும் விடுங்கள்.

வலி அதிகமான நாளில் டிக்லோஃபெனாக் ஜெல் தடவலாம். பாராசிட்டமால் 500 மில்லிகிராம் ஒரு நாளைக்கு எட்டு மாத்திரைக்கு மேல் போகக் கூடாது, தினமும் தேவைப்பட்டால் டாக்டரிடம் பேச வேண்டும். விழுங்கும் வலி மாத்திரைகளை, உங்கள் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சொல்லாமல், எந்த ஃபார்மசியிலும் வாங்காதீர்கள், என் கடையாக இருந்தாலும் சரி. சிறுநீரகம் கெடும்.

குளுக்கோசமைன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது அடுத்து அதைத்தான் சொல்வார்கள். 2006-இல் 1,583 பேரிடம் நடந்த பெரிய சோதனையில் மொத்தத்தில் அது போலி மருந்தைவிட மேலாக இல்லை. நான் என் அம்மாவுக்கு வாங்கித் தரவில்லை.

ஆட்டுக்கால் சூப்? தாராளமாகக் குடியுங்கள். அதிலுள்ள கொலாஜனும் வயிற்றில் உடைந்துதான் போகும், நேராக முட்டியில் போய் ஒட்டாது. ஆனால் ருசியாக இருக்கும், புரதம் இருக்கும், மிளகும் இருக்கும். மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிடுங்கள், ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறையுங்கள். யூரிக் அமிலம் உள்ளவர் வீட்டில் இருந்தால் அவர் கிண்ணம் சின்னதாக இருக்கட்டும்.

தண்ணீர்மலைக்கு வருவோம். ஐநூறுக்கு மேல் படி. எக்ஸ்ரேயில் தேய்மானம் இருக்கிறது என்பதற்காக ஏறக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். இன்றே தொடைப் பயிற்சி தொடங்கி, ஒரு மாதம் கழித்து வீட்டுப் பக்கத்து அடுக்குமாடியில் ஒரு மாடி, இரண்டு மாடி என்று கூட்டிப் பாருங்கள். முட்டி வீங்கினாலோ மறுநாளும் வலி நீடித்தாலோ ஒரு படி பின்வாங்குங்கள். தைப்பூசத்தன்று கூட்டத்தில் நிற்க நேரும், கால் வழுக்கும். முதல் நாள் அதிகாலையிலோ இரண்டு நாள் கழித்தோ போனால் முருகன் ஒன்றும் சொல்ல மாட்டார். ஏறும்போது வலி குறைந்த காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது வலி கூடிய காலை முதலில் வையுங்கள். முட்டிக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள், இன்னொரு கைக்குப் பேரனைக் கூட்டிப் போங்கள். தோளைப் பிடித்து இறங்க அவன் உயரம் இப்போது சரியாக இருக்கும்.